ஞாயிறு இரவின் பிரதி

வியாழன் விடிகாலை குழாய் வெடித்தது.
கொதிகலன் அறையில் சர்வரை வைக்கக் கூடாதென்று
மூன்று குளிர்காலத்துக்கு முன்பே சொன்னவள் நான்தான்.
அங்கே வைத்தவளும் நான்தான்.
வேறெங்கும் பிளக் இல்லை.

புது இயந்திரம் என்பது
தார்த்துவில் யாரோ விற்ற பழையது.
சாரேமாவுக்குப் படகில் வந்தது,
என் காரின் முன்னிருக்கையில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு.
காப்புப் பிரதி ஹெல்வியின் வீட்டில்,
கம்பளிக் காலுறைகளுக்கு அடியில்.
உள்ளங்கை அளவு டிஸ்க், கேபிளில் நாய்முடி.
கால்நடை மருத்துவர் வீட்டில்
வேறென்ன ஒட்டும்?

கோப்பின் பெயரிலேயே தேதி இருந்தது: ஞாயிறு இரவு.
திங்கள், செவ்வாய், புதன்
அதில் இல்லை.

மீட்டெடு என்றேன்.
இயந்திரம் சொன்னது:
இந்த அட்டவணைகளின் உடைமையாளர் உர்மாஸ்.
உர்மாஸ் என்று இங்கே யாரும் இல்லை.

வாஸ்தவம்.
எல்லாவற்றையும் தன் பெயரில் நிறுவிவிட்டு
பின்லாந்துக்குக் கட்டட வேலைக்குப் போனவன்.
கடவுச்சொல்லோடு
என் சைக்கிள் பம்பும் போனது.
ஒரே வரியில் அவனை மறுபடி உண்டாக்கினேன்:
உள்ளே நுழைய அனுமதி கிடையாது,
பேச வாய் கிடையாது,
பெயரும் பொறுப்பும் மட்டும்.
இப்படியே முன்பும் இருந்திருக்கலாம் அவன்.

பிறகு எழுத்துகள் வந்தன.
புள்ளி வைத்த எழுத்தெல்லாம் கேள்விக்குறி.
தலைக்குமேல் புள்ளி தொலைந்தால்
பொருளும் தொலைகிற மொழி எங்களுடையது.
பாதித் தீவின் குடும்பப் பெயர்கள்
என்னையே கேள்வி கேட்டன.
அழித்தேன். குறியீட்டைச் சரியாகச் சொன்னேன்.
மறுபடி முதலிலிருந்து.

நாலாவது காப்பி ஆறுவதற்குள்
ஆடுகள் வந்து சேர்ந்தன, பசுக்கள் வந்தன,
ஒரு காது இல்லாத பூனை தன் கடனோடு வந்தது.
ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
ஒன்றுகூடக் குறையவில்லை என்றேன்.

"அப்போ திங்கள்கிழமை?" என்றாள் ஹெல்வி.

கேட்டுவிட்டுக் குப்பைப் பெட்டியை
மேஜைமேல் கவிழ்த்தாள்.
காலிக் குப்பிகள், ஊசி உறைகள், கட்டுத்துணியின் முனை.
ஒவ்வொன்றாய் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்:
இது திங்கள், கன்றுக்குக் கழிச்சல்.
இது புதன், வேலியில் கிழிந்த தொடை, ஒன்பது தையல்.
அவள் சொல்ல நான் தட்டினேன்.
நாள்கள் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பழுப்புக் கண்ணாடியிலிருந்து
வெளியே வந்தன.

மாலை ஆறு மணிக்கு
இயந்திரம் யாரையும் கேளாமல் தன் வேலையைத் தொடங்கியது.
நினைவூட்டல்களை நிறுத்திவைக்க
எனக்குத் தோன்றவில்லை.
முப்பத்தெட்டுச் செய்திகள் போய்விட்டன.
அதில் ஒன்று:
நாளை காலை பத்து மணி,
உங்கள் குதிரை துய்ஸ்க்குக்குப் பல் அராவும் நாள்.
தவறாமல் அழைத்து வரவும்.

ஹெல்வி என் தோளுக்குமேல் குனிந்து படித்தாள்.
கையிலிருந்த குப்பியைச்
சத்தமில்லாமல் மேஜையில் வைத்தாள்.
"இதுதான் செவ்வாய்," என்றாள்.

வெள்ளி, பத்து மணிக்கு
எண்டெலின் கார் வந்தது.
பின்னால் குதிரை வண்டி பூட்டியிருக்கவில்லை.
தொப்பியைக் கழற்றாமல்
எழுபது யூரோவைக் கல்லாமேல் வைத்தார்.
"செவ்வாய்க்கிழமைக் கணக்கு. உங்கள் பெட்டி நனைந்துவிட்டதாமே,
எழுதி வைத்திருக்க மாட்டீர்கள்."
மன்னிப்பு என்று நான் தொடங்கினேன்.
"செய்தி நன்றாகத்தான் இருந்தது," என்றார்.
"என் பெயரில் இரண்டு புள்ளியும் சரி."
ரசீது வேண்டாமென்று போய்விட்டார்.

துய்ஸ்க்கின் வரியைத் திறந்தேன்.
சாம்பல் நிறம், பெண், பத்தொன்பது வயது.
நிலை: உயிருடன்.
செவ்வாய் என்று தட்டினேன்.
ஹெல்வி பின்னாலிருந்து நேரம் சொன்னாள், நாலு இருபது.
அதையும் தட்டினேன்.

எதைச் சொன்னாலும் சொல்லும் அதே பதிலை
இயந்திரம் உடனே சொன்னது:
ஒரு வரி மாற்றப்பட்டது.